துணி தட்டும் பாட்டு ஒன்று கொயருக்கு வந்தபோது: ஒரு நிகழ்வு ஆய்வு

இது மத்திய ஸ்காட்லாந்தில் ஒரு கொயரில், அதாவது சேர்ந்து பாடும் குழுவில், நடந்தது. நாங்கள் 38 பேர், ஒருவரும் தொழில்முறைப் பாடகர் கிடையாது. செவ்வாய் இரவுகளில் ஒரு சர்ச் ஹாலில் கூடிப் பாடுவோம். நான் பாஸ் (ஆண்களின் தாழ்ந்த குரல்) வரிசை, கூடவே செயலாளர் வேலையும் என் தலையில். ஒரு புதிய படைப்பை எழுதச் சொல்லிப் பணம் கொடுத்தது முதல், அது இரண்டு முறை மேடையேறியது வரையிலான பத்து மாதங்களை இங்கே பதிவு செய்கிறேன். ஊரையும் பெயர்களையும் விட்டுவிட்டேன். சம்பந்தப்பட்ட இருவரிடம், இசையமைப்பாளரிடமும் கேலிக் (ஸ்காட்லாந்துத் தீவுகளின் பழைய மொழி) சொல்லித்தந்த ஆசிரியையிடமும், கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பின்னணி

செப்டம்பரில் கமிட்டி கூடியபோது, மார்ச் கடைசியில் வரும் கச்சேரிக்கு ஒரு படைப்பை எழுதி வாங்குவது என்று முடிவானது. பக்கவாத்தியம் கூடாது, எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது, ஸ்காட்லாந்து நாட்டுப் பாடல் ஒன்றிலிருந்து முளைத்ததாக இருக்க வேண்டும், இவ்வளவுதான் நிபந்தனை. தேசியக் கவி ராபர்ட் பர்ன்ஸ் மட்டும் வேண்டாம் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் தலையாட்டினோம். ஒவ்வொரு ஜனவரி 25-க்கும், அவர் பிறந்த நாளுக்கு, பர்ன்ஸைப் பாடிப் பாடி எங்களுக்கு அலுத்திருந்தது.

நாங்கள் பிடித்த இசையமைப்பாளர் முப்பதுகளில் இருந்தவர், தாழ்நிலப் பகுதிக்காரர். கேலிக் தெரியாது. ஆனால் பள்ளி நாளில் கொயரில் பாடிய ஒரு கேலிக் பாட்டு அவர் மனதிலேயே தங்கியிருந்தது. ‘அலென் தூன்ய்’ என்று தொடங்கும் பாட்டு. ‘பழுப்பு முடி ஆலன்’ என்று பொருள் சொல்லலாம்.

இந்தப் பாட்டுக்கு ஒரு கதை உண்டு. ஆலன் மாரிசன், லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே ஊர்க் கப்பல்காரன். ஹாரிஸை ஒட்டிய ஸ்கால்பே தீவில் இருந்த ஆன்னா கேம்பெல்லைக் கல்யாணம் பேசி முடிப்பதற்காக 1788-இல் கப்பலேறினான். புயலில் கப்பல் போயிற்று. அவள் பாடிய ஒப்பாரி இது என்பார்கள். பல்லவியின் முடிவில் ‘ஓ ஹீ, ஹ்யூலின் லஹ்த்’ என்று வரும்: உன்னோடு நானும் வந்துவிடுவேன். கடைசிப் பக்கம் ஒரு வரி உண்டு, கேட்டவர்கள் மறக்க முடியாதது. மூழ்கிச் செத்த உன் நெஞ்சின் இரத்தத்தைக் குடிப்பேன், ஊர் என்ன சொன்னாலும் சரி, என்கிறாள்.

ஒப்பாரியாகப் பிறந்த பாட்டு, பிறகு வேலைப் பாட்டாகவும் புழங்கியது. தறியிலிருந்து வந்த கம்பளித் துணி தளர்வாக இருக்கும். அதை நாள்பட்ட சிறுநீரில் ஊறவைத்து (அதிலுள்ள அம்மோனியா எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், சாயத்தை நிறுத்தும்), நீண்ட பலகையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, துணியைத் தூக்கி அடித்து, பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளி, சுருங்கித் தடிக்கும் வரை வேலை செய்வார்கள். ஒருத்தி வரியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பல்லவியில் சேர்ந்துகொள்வார்கள். கேலிக்கில் இதை ‘ஓரன் லுவாய்’ என்பார்கள். ஆங்கிலப் பெயர் ‘வாக்கிங்’ என்று ஒலிக்கும், அதற்கும் காலை நடைக்கும் சம்பந்தமில்லை. எங்கள் டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) ஒருவர் டிசம்பர் வரை இது நடந்துகொண்டே பாடும் பாட்டு என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்.

லூயிஸ், ஹாரிஸ் எல்லாம் அடங்கிய வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் இந்த வேலை 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு ஏறக்குறைய ஓய்ந்துபோனது. பாட்டுகள் தங்கிவிட்டன.

முதல் வரைவு

நவம்பர் கடைசியில் வரைவு வந்தது. பதினோரு நிமிடம். எட்டுக் குரல் பிரிவு. எங்களிடம் இருந்த டெனர்கள் ஐந்து பேர். இரண்டாகப் பிரித்தால் பிரிவுக்கு இரண்டரை ஆள்.

அமைப்பு இப்படி: ஒரு சொப்ரானோ (பெண்களின் உயர்ந்த குரல்) தனிக்குரல் ஆன்னாவாக நின்று வரிகளைப் பாடுவார், நிறுத்தி நிதானித்து, தாளத்துக்குக் கட்டுப்படாமல். மற்றவர்கள் பின்னால் ‘ஓ ஹீ’, ‘ஹீ ரீ வோ’ என்ற ஒலிகளை நீட்டிப் பிடித்துக்கொண்டிருப்போம், கடல் மாதிரி. நடுவில் சொற்களே இல்லாத ஒரு பகுதி, மூன்று நிமிடம். பிறகு இரத்த வரியில் எல்லாக் குரல்களும் உச்சத்துக்கு ஏறி உடையும்.

முதல் வாசிப்பிலேயே எல்லோருக்கும் பிடித்துப்போனது. எனக்கும்தான். இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் இதில் பெரும்பகுதியைக் கழித்தோம். நன்றாக ஒலித்ததற்குக் காரணம் ஓரளவு எளிதானது. இந்தத் தீவுப் பாடல்களில் பல ஐந்து சுரங்களுக்குள் அடங்குபவை, நம் மோகனம் போல. அரைச் சுர உரசல் இல்லாத ஐந்து சுரங்களை எட்டுக் குரலில் எப்படி அடுக்கினாலும் இனிக்கும். இசையமைப்பாளர் பின்னணியை அப்படித்தான் அடுக்கியிருந்தார். தப்பாகப் பாடினால்கூட அழகாகத்தான் கேட்டது. அதுவே ஓர் எச்சரிக்கை என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

டிசம்பர் ஒத்திகைகளில் மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, சுருதி இறங்கியது. டி என்ற சுரத்தில் தொடங்கி, கடைசிப் பக்கத்தில் பியானோவைத் தட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட அரைச் சுரம் கீழே நின்றோம். இரண்டு, நீண்ட ‘ஓ’க்களில் ஆட்கள் தொலைந்துபோனார்கள், எந்த வரியில் இருக்கிறோம் என்பது தனிக்குரலைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவதை, முன்னால் நின்று கையசைத்துக் கொயரை நடத்தும் எங்கள் நடத்துநர் சொன்னார்: “இரத்த வரி வந்ததும் எல்லோரும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறீர்கள்.” உண்மைதான். ஏறிக் கத்தும் அந்த இடம் எங்களுக்கே கூச்சமாக இருந்தது.

கூடவே ஒரு தப்பு செய்தோம். வரைவு வந்த வாரமே, தனிக்குரல் யாருக்கு என்று அறிவித்துவிட்டோம். எங்கள் குழுவில் பயிற்சி பெற்ற சொப்ரானோ ஒருவர் இருக்கிறார். அவருக்குத்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

மேசையைச் சுற்றி

ஜனவரி முதல் வாரம், உச்சரிப்பைத் திருத்த ஒருவரை அழைத்தோம். ஹாரிஸில் பிறந்தவர், ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை, எழுபது தாண்டியவர். எங்கள் ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) ஒருவரின் பக்கத்து வீட்டுக்காரர். மோட் போட்டிக் கொயர்களில் நெடுங்காலம் பாடியவர். 1892-இல் ஓபன் நகரில் தொடங்கிய கேலிக் கலை விழா அது. அங்கே கொயர்களுக்கு இசைக்குத் தனி மதிப்பெண், கேலிக் மொழிக்குத் தனி மதிப்பெண். அவர் எதைக் கேட்பார் என்பதை அதை வைத்தே நாங்கள் ஊகித்திருக்கலாம். நாங்கள் அவரிடம் கேட்டது ஒரு மணி நேரம். கொடுப்பதாகச் சொன்னது பெட்ரோல் செலவு.

முதல் பிழை முதல் சொல்லிலேயே இருந்தது. கேலிக்கில் அழுத்தம் பெரும்பாலும் முதல் அசையில் விழும். இசையமைப்பாளர் ‘அலென்’ என்பதன் இரண்டாம் அசையைத் தாளத்தின் முதலடியில் வைத்திருந்தார். “பிரெஞ்சுக்காரனைக் கூப்பிடுகிறீர்கள்” என்றார் ஆசிரியை. அடுத்து ‘லஹ்த்’. அந்தத் ‘த்’துக்கு முன்னால் ஒரு சிறு மூச்சு உண்டு. கொயர் பழக்கப்படி உயிரை முழு நேரமும் பிடித்து, கடைசி மெய்யை அடுத்த தட்டில் வைத்தோம். மூச்சுக்கு இடமே இல்லை. இதெல்லாம் திருத்தக்கூடியது. எழுதிக்கொண்டோம்.

பிறகு முழுப் படைப்பையும் பாடிக் காட்டினோம். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அழகாக இருக்கிறது” என்றார். அப்புறம், “ஆனால் துணி சுருங்காது.”

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. நாலு மடக்கு மேசைகளைச் சேர்த்துப் போடச் சொன்னார். யாரோ காரில் கிடந்த பழைய கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்தார்கள். சமையலறையிலிருந்து ஒரு வாளி வெந்நீர். “மற்றது வேண்டாமா?” என்று டெனர் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது, அந்தச் செலவை ஏற்க யாரும் முன்வரவில்லை. மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தோம். ஆசிரியை தலைமாட்டில். துணியை முன்னால் தள்ளி அடி, பின்னால் இழுத்து அடி, சில சுற்றுகளுக்கு ஒருமுறை பக்கத்து ஆளுக்குத் தள்ளு. அதுவும் சூரியன் போகும் திசையில், வலம் சுற்றி. அவர் வரியை எடுத்தார். நாங்கள் பல்லவி.

அந்த இருபது நிமிடத்தில் தெரிந்ததுதான் இந்த ஆய்வின் மையம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கை வேலை செய்யும்போது குரல் மாறிவிடுகிறது. நாலாவது நிமிடத்தில் தோள் வலிக்கத் தொடங்கியதும் மெருகு போய், குரல் முன்னால் வந்து கெட்டியானது. நடுக்கம் காணாமல் போனது. சுருதி இறங்கவில்லை. ஏன் என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது, மூச்சுகள் சிறிதானதால் இருக்கலாம். இன்னொன்று, நாங்கள் ‘லஹ்த்’ முடிப்பதற்குள் ஆசிரியை அடுத்த வரியைத் தொடங்கிவிடுவார். இடைவெளி என்பதே இல்லை. வரைவிலோ வரிக்கு வரி ஓர் ஓய்வு எழுதப்பட்டிருந்தது, அடி விழாத ஓய்வு.

எட்டாவது வரியோ ஒன்பதாவதோ, அவருக்குச் சொல் மறந்துபோனது. தயங்கவே இல்லை, வேறொரு பாட்டின் வரியை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டார். பின்னால் அவரே சொல்லும் வரை எங்களுக்குத் தெரியாது. மேசை நிற்கவில்லை. அதற்கடுத்த சுற்றில் ஒரு சொப்ரானோ ‘ஹீ ரீ வோ’வில் ‘ஹீ’க்குப் பதில் ‘ஹோ’ என்று எடுத்தார். அவ்வளவுதான். பக்கத்தில் இரண்டு பேர் தடுமாறி, துணி இரண்டு கைகளுக்கு நடுவில் மாட்டி, அடி கலைந்து, மேசையே நின்றுவிட்டது.

இசையமைப்பாளர் சுவரோரம் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். பேனாவை மூடிவைத்துவிட்டு, “மறுபடியும் அதே மாதிரி தப்பாகப் பாடுங்கள்” என்று கேட்டார். பாடினோம். மறுபடியும் நின்றது.

இந்தப் பாடல்களைத் தொகுத்தவர்கள் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள். ஜான் லோர்ன் கேம்பெல்லும் பிரான்சிஸ் காலின்சனும் 1969 முதல் 1981 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ஹெப்ரிடீஸ் பாடல் தொகுப்பைப் புரட்டினால் தெரியும்: வரிகள் ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், பல்லவியின் வெற்றொலிகள் இடம் மாறாது. பாட்டை அடையாளம் காட்டுவது அவைதான். பொருள் இல்லாத ஒலி என்பதால் எப்படியும் வைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் நினைத்ததை, நடவு வயலில் ‘தன்னானே’யை இஷ்டத்துக்கு மாற்றிப் பாடுகிறவனைப் பெண்கள் பார்க்கும் பார்வையோடு ஒப்பிடலாம். வரைவில் அந்த ஒலிகளைத்தான் கடல் அலையாகக் கரைத்து, எட்டுக் குரலில் பிய்த்துப் போட்டிருந்தோம்.

மூலம் எது?

மறுவாரம் ஆசிரியை இன்னொன்றையும் கேட்டார். பல்லவியின் இரண்டாம் பாதியில் மெட்டு மேலே போய்த் திரும்பும் இடம் ஒன்று வரைவில் இருந்தது. “இதை எங்கே பிடித்தீர்கள்? எங்கள் பக்கம் யாரும் இப்படித் திருப்பமாட்டார்கள்.”

இசையமைப்பாளர் தேடிப் பார்த்தார். பள்ளியில் பாடிய அச்சுப் பிரதி கிடைத்தது. அண்மைக் காலத்தவர் ஒருவர் கொயருக்காகப் பல குரல்களுக்குப் பிரித்து எழுதிய கோர்வை. அந்தத் திருப்பம் அவர் சேர்த்தது. மரபு மெட்டுக்கு உரிமையாளர் இல்லை. கோர்வைக்கு உண்டு; பிரிட்டனில் ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை செல்லும். மரபு என்று நினைத்து இன்னொருவரின் சொத்தை அச்சடிக்க இருந்தோம்.

இது புதிய கதையும் அல்ல. மார்ஜரி கென்னடி-ஃபிரேசர் 1909 முதல் வெளியிட்ட ஹெப்ரிடீஸ் பாடல் தொகுதிகளில் தீவுப் பெண்களின் மெட்டுகளுக்குப் பியானோ சேர்த்து, வரவேற்பறைக்கு ஏற்ற மென்சோகம் பூசினார் என்ற குற்றச்சாட்டு இன்றைக்கும் உண்டு. அவர் இல்லையென்றால் வெளியுலகம் பல பாட்டுகளைக் கேட்டிருக்கவே கேட்டிருக்காது என்பாரும் உண்டு. எங்கள் முதல் வரைவு அவரை விட நாகரிகமான அடுக்குகளோடு அவர் வழியிலேயே போய்க்கொண்டிருந்தது என்பது என் கருத்து. இசையமைப்பாளர் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஒலிப்பதிவுகளுக்குத் திரும்பினோம். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1951-இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளியின் களப்பதிவுகளும், பிபிசியின் பதிவுகளும், ஜான் லோர்ன் கேம்பெல் கன்னா தீவில் சேர்த்துவைத்தவையும் ‘டோபர் அன் டுவல்கிஷ்’ என்ற தளத்தில் 2010 முதல் கேட்கக் கிடைக்கின்றன. பெயருக்கு ‘மரபின் ஊற்று’ என்று பொருள். ஒரே பாட்டுக்குப் பல வடிவங்கள். ஒரு பெண்மணியின் பதிவைத் தேர்ந்தெடுத்தோம்; கேட்பது இலவசம் என்றாலும் அதை வைத்து ஒன்றைச் செய்வதற்கு அனுமதி வேண்டும். கடிதம் எழுதினோம். பதில் வர நாலு வாரம் ஆனது. பாடியவரின் குடும்பம் கேட்டது ஒன்றே ஒன்று: அவர் பெயர் அச்சில் இருக்க வேண்டும்.

எடுத்த முடிவுகள்

பிப்ரவரி தொடக்கத்தில் நடத்துநர், இசையமைப்பாளர், ஆசிரியை, நான், நாலு பேரும் ஒரு மாலை உட்கார்ந்து பேசினோம். அன்று முடிவானவை:

பல்லவி முழுக்குழுவுக்கும் போனது. முதல் மூன்று முறை எல்லோரும் ஒரே மெட்டை, அடுக்கே இல்லாமல். காரணம், கேட்பவர் காதில் அது முதலில் பதிய வேண்டும். அதன்பிறகுதான் அதன்மேல் எதையும் கட்ட முடியும். நாலாவது முறையிலிருந்து அடுக்குகள் ஒவ்வொன்றாக நுழையும். ஆனால் வெற்றொலிகளின் வரிசையைக் கலைக்கக் கூடாது என்பதை இசையமைப்பாளர் தானாகவே விதியாக வைத்துக்கொண்டார்.

ஓய்வுகள் போயின. வரியின் தலை பல்லவியின் வால்மீது ஏறும்படி எழுதினார்.

நடுப்பகுதி, சொல்லில்லாத மூன்று நிமிடம், முழுவதும் வெட்டப்பட்டது. இதில் நான் எதிர்த்து வாக்களித்தேன். படைப்பிலேயே அவருடைய சொந்தக் குரல் அங்கேதான் இருந்தது. ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் அடி நின்றுபோகிறது, நின்ற அடியை மறுபடி தொடங்கினால் ஒட்டு தெரிகிறது. நீளமும் எட்டு நிமிட நிபந்தனையைத் தாண்டியிருந்தது.

இரத்த வரியைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். கச்சேரி நடக்கப்போவது சர்ச்சில். கமிட்டியில் இரண்டு பேர் அந்த வரியே வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆசிரியை, “அவள் சொன்னதை அவள் சொல்லட்டும். நீங்கள் ஏன் அலறுகிறீர்கள்?” என்றார். மேசையில் அவர் அந்த வரியைப் பாடியபோது மற்ற வரிகளைப் போலவே, அதே உயரத்தில், அதே வேகத்தில் பாடிப் போனார் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. வரியை வைத்துக்கொள்வது, ஆனால் அந்த இடத்தில் எல்லா அடுக்குகளையும் விலக்கிவிடுவது என்று முடிவானது. ஒரு குரல், அடி, வேறு ஒன்றும் இல்லை.

தனிக்குரல் ஆல்ட்டோ ஒருவருக்கு மாறியது. இசை கற்காதவர், தட்டையான, நேரான குரல். நியாயமான முடிவு. செய்த விதம் நியாயமில்லை. சொப்ரானோவுக்கு விஷயம் மின்னஞ்சலில் போனது, என் கையால்தான் போனது. அவர் அந்தப் பருவம் முழுக்க வரவில்லை.

அச்சில் எப்படிப் போடுவது என்பதும் ஒரு மணி நேரம் இழுத்தது. ‘மரபுப் பாடல், கோர்வை இன்னார்’ என்று போட்டால் இசையமைப்பாளருக்குக் குறை. ‘இசை இன்னார்’ என்று மட்டும் போட்டால் ஆசிரியைக்குக் கோபம். கடைசியில், தலைப்பின் கீழே பதிவில் பாடிய பெண்மணியின் பெயரும் தீவும், அதற்குக் கீழே ‘இன்னார் பாடிய வடிவத்திலிருந்து’ என்ற சொற்களும், அதன்பின் இசையமைப்பாளர் பெயரும் வந்தன.

ஐந்து வாரம்

புதிய பிரதி பிப்ரவரி நடுவில் வந்தது. மிச்சம் ஐந்து ஒத்திகை. இந்த முறை பிரதியைக் கொடுக்கும் முன் இரண்டு வாரம் பதிவை மட்டும் கேட்டுப் பாடினோம். பிரதி இல்லாமல் பாடத் தெரியாதவர்கள் எங்களில் பாதி, முணுமுணுப்பு இருந்தது.

ஆசிரியை கோட்டுச் சுரலிபியை வேகமாகப் படிக்கமாட்டார். மோட் கொயர்களில் டோனிக் சோல்ஃபா பிரதிகளில், சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் முறையில், பழகியவர். நானும் நாகர்கோவில் பக்கம் சர்ச் கொயரில் அதே ட, ர, ம பார்த்துப் பாடி வளர்ந்தவன். மிஷனரிகள் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்த எழுத்து. அதனால் முழுப் படைப்பையும் சோல்ஃபாவில் எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு விழுந்தது. அப்படி எழுதும்போதுதான் மூன்று இடங்களில் பல்லவியின் ஒலி வரிசை அச்சில் தப்பியிருந்ததைக் கண்டேன். சோல்ஃபாவில் சுரத்துக்குக் கீழே அசை நேராக நிற்பதால் கண்ணில் பட்டது.

மார்ச் கச்சேரி

மேடையில் துணி தட்டுவதா வேண்டாமா? தலையில் துண்டு கட்டி, ஏப்ரன் அணிந்து, அருங்காட்சியகக் காட்சி போல் நடிக்க யாருக்கும் விருப்பமில்லை. ஆனால் அடி வேண்டும். ஓரமாக ஒரு மர மேசை போட்டு, நாலு பேர் வெறும் உள்ளங்கையால் தட்டுவது என்று வைத்தோம். ஒத்திகை ஹாலில் சரியாக இருந்தது.

கச்சேரி நாள் மதியம் சர்ச்சில் தட்டிப் பார்த்தால், கல் சுவர்களில் மோதி ஒவ்வொரு அடியும் மூன்று அடியாகத் திரும்பி வந்தது. குரலே கேட்கவில்லை. மெதுவாகத் தட்டினால் அடி கால் தவறியது. நாலு மணிக்கு, கதவு திறக்க மூன்று மணி நேரம் இருக்கையில், ஆல்ட்டோ ஒருவர் காருக்குப் போய் ஜனவரியில் அடித்த அதே போர்வையைக் கொண்டுவந்து, நாலாக மடித்து மேசைமேல் போட்டார். அடி அடங்கியது. ஈரமில்லாத, மந்தமான ஒரு ‘தொப்’. நடத்துநர் கையை நிறுத்திவிட்டு இசையமைப்பாளரைப் பார்த்தார். எடின்பரோ பதிவில் பெண்களின் குரலுக்கு அடியில் கேட்ட சத்தம் அதுதான். மூன்று மாதம் அதை மரத்தில் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

படைப்பு ஏழு நிமிடம் ஓடியது. இரத்த வரியில் அடுக்குகள் விலகியபோது முன் வரிசையில் ஒருவர் இருமியது மேடை வரை கேட்டது, அவ்வளவு அமைதி. சுருதி இறங்கியது, ஆனால் பழைய அளவில் பாதிதான். ஒரு ‘ஹோ’வும் தப்பவில்லை. ஆசிரியை பின்னால் வந்து ஆல்ட்டோவின் கையைப் பிடித்துக்கொண்டு கேலிக்கில் ஏதோ சொன்னார். ஆல்ட்டோவுக்குக் கேலிக் தெரியாது, மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை. எங்களிடம் ஆங்கிலத்தில் சொன்னது, “ஐந்தாம் வரி வேகம்.”

ஜூன்

இரண்டாவது மேடை ஒரு பள்ளிக் கலையரங்கம். தரையில் கம்பளம், சுவரில் ஒலி உறிஞ்சும் பலகைகள். இங்கே படைப்பு படுத்துவிட்டது. சர்ச்சின் எதிரொலி மூடிமறைத்த குறைகள் எல்லாம் வெளியே வந்தன: வரியின் தலையும் பல்லவியின் வாலும் மேலேறும் இடங்களில் நாங்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டோம், அடுக்கே இல்லாத முதல் மூன்று பல்லவிகளும் வறண்டு கேட்டன. கேட்க வந்த நண்பர் ஒருவர், “ஆரம்பம் ஒத்திகையோ என்று நினைத்தேன்” என்றார். இந்த வடிவம் எல்லா இடத்துக்கும் ஆகும் என்று நாங்கள் மார்ச்சில் நம்பியது மிகை. மேசையில் உட்காரும்போது பன்னிரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். மேடையில் 38 பேரும் ஒரே திசையில் நின்று நடத்துநரைப் பார்க்கிறோம். தலையும் வாலும் ஏறும் இடங்களை நடத்துநரின் கை பிடித்துத் தர முடியவில்லை.

வெட்டிய நடுப்பகுதியை இசையமைப்பாளர் தூக்கிப் போடவில்லை. நாட்டுப் பாட்டின் சுவடே இல்லாமல், தனிப் படைப்பாக வேறொரு கொயருக்குக் கொடுத்தார். கேட்டேன், அந்த இடத்தில் அது நன்றாகவே இருக்கிறது. சொப்ரானோ செப்டம்பரில் திரும்பி வந்தார். அந்த மின்னஞ்சலைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை பேசவில்லை.

இனி மாற்றிச் செய்வது

ஆசிரியை மொத்தம் ஒன்பது மாலைகள் வந்தார். நாங்கள் கொடுத்தது பெட்ரோலும் ஒரு பூங்கொத்தும். இசையமைப்பாளருக்குக் கொடுத்ததில் ஒரு பங்கு அவருக்கு முதலிலிருந்தே ஒதுக்கியிருக்க வேண்டும், அதுவும் உச்சரிப்புக்காரராக இல்லாமல், சுரம் எழுதும் முன்பே உட்கார்ந்து பேசும் ஆளாக. அடுத்த ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறோம். மூலம் எந்தப் பதிவு, பாடியது யார், அனுமதி எங்கே என்பது தெரிந்த பிறகுதான் முதல் தவணைப் பணம்.

பிரதி முடியும் முன் தனிக்குரலை யாருக்கும் சொல்வதில்லை. மாற்ற நேர்ந்தால் நேரில் போய்ச் சொல்வது.

மறு மேடைகளுக்கு முன், அரங்கம் எப்படி ஒலிக்கும் என்று ஒருவர் போய்க் கைதட்டிப் பார்த்துவிட்டு வருவது. வறண்ட இடமென்றால் அரைவட்டமாக, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி நிற்பது. இதை இன்னும் செய்து பார்க்கவில்லை.

இரத்த வரி பற்றிய முடிவை மாற்றமாட்டேன். நடுப்பகுதி பற்றி இசையமைப்பாளருக்கும் எனக்கும் இன்றும் வேறு வேறு கருத்து. வெட்டியது சரி என்பது இப்போது அவர் கட்சி, நான்தான் இன்னும் வருந்திக்கொண்டிருக்கிறேன்.

சென்ற மாதம் திருத்திய பிரதி வந்தது. பாடியவர் பெயர், தீவு, இசையமைப்பாளர் பெயர், எல்லாம் முன்போலவே. குரல்களின் பட்டியலுக்குக் கீழே ஒரு வரி புதிதாக இருக்கிறது: ‘ஒரு மர மேசை, நான்கு பேர். மேசைமேல் நாலாக மடித்த கம்பளிப் போர்வை, உலர்ந்தது.’